விசுவாசம் யாருக்கு? எம்.சி. ராஜாவும் தனித்தொகுதியின் கதையும்



இந்த நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்த தோழர்கள் கட்சி அரசியலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்சிகளைப் பற்றிப் பேச மேடைகளுக்கா பஞ்சம்? நான் பழைய ஆள் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லித்தான் வந்தேன். ஆனால் பேச்சை எங்கள் காலனிக் கொடிக்கம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் காலனி முனையில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. அதை நட்டவர் என் தாத்தா. சவுக்குக் கழி, பிறகு இரும்புக் குழாய். கொடியேற்றும் நாளில் அவர் கூலி வேலைக்குப் போகமாட்டார். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சியை வைத்துச் சொன்னாலும் கதை இதேதான். ஊருக்குள் அதே கட்சியின் கிளைச் செயலாளர் இருந்தார். தாத்தா அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வாங்கப் போவார். திண்ணைக்குக் கீழே, வாசலில் நின்று வாங்கிக்கொண்டு வருவார். வந்து பெருமையாக, "அவரு நம்ம கட்சிக்காரரு" என்பார். அதற்கு என் ஆயா சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை: "கட்சி ஒண்ணுதான், திண்ணதான் வேற."

நம் மக்களைப் பற்றி இரண்டு பேச்சு எப்போதும் உண்டு. ஒன்று, சேரி ஓட்டு விசுவாசமான ஓட்டு, சின்னத்தைத் தவிர வேறெதையும் பார்க்காது என்பது. இன்னொன்று, சேரி ஓட்டு காசுக்கும் சாராயத்துக்கும் போகிற ஓட்டு என்பது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் ஒரே வாய் ஒரே நாளில் பேசும். இரண்டிலும் இல்லாத ஒன்று உண்டு. அந்த ஓட்டுக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்திருக்கும், ஒரு கணக்கு இருந்திருக்கும், ஏமாந்து ஏமாந்து கற்ற பாடம் இருந்திருக்கும் என்ற எண்ணம்.

விசுவாசம் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். அது நம் கிராமங்களில் யாரைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்? பண்ணையாளைப் பற்றி. பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தவனைப் பற்றி. பண்ணையார் விசுவாசமாக இருந்தார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கொடுப்பது அது. திரும்ப வராது. தேர்தல் அரசியலுக்குள் இந்தச் சொல் எப்படி நுழைந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை முழுக்க ஒரே வாழ்க்கையில் அனுபவித்து முடித்தவர் எம்.சி. ராஜா.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். பள்ளி ஆசிரியர். ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராக இருந்து அதை நடத்தியவர். 1920இல் சென்னைச் சட்டசபைக்குள் ஆதிதிராவிடர் பிரதிநிதியாக நுழைந்தவர். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். இன்று நம் சாதிச் சான்றிதழில் இருக்கும் அந்தச் சொல்லில் அவர் உழைப்பும் இருக்கிறது. ஆனால் நம்மவர்களின் கூட்டங்களிலேயே அவர் பெயர் தயக்கத்தோடுதான் உச்சரிக்கப்படுகிறது. காரணம் 1932. அதற்கு வருகிறேன்.

ராஜா முதலில் நம்பிய கட்சி நீதிக்கட்சி. 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்த காலம் அது. பிராமணரல்லாதார் என்ற பெரிய குடைக்குள் நமக்கும் இடம் இருக்கும் என்று நம்பியதில் தப்பில்லை. அந்த நம்பிக்கை ஐந்து வருடம் தாங்கியது. 1921இல் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் நிற்காமல் ஆலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் தொழிற்சங்கத் தோழர்கள் என்னோடு வாதாடுவார்கள். கையிருப்பு இல்லாதவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான் என்பதுதான் என் பதில். போகட்டும். நடந்தது என்ன? புளியந்தோப்பில் கலவரம். குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஒரு தொழில் தகராறு சில வாரங்களில் சாதிச் சண்டையாக மாறிவிட்டது.

அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. ராஜா அதே கட்சியின் ஆள். அந்தக் கட்சியின் முன்னணித் தலைவர்கள் பழியை ஆதிதிராவிடர்கள் மீது போட்டார்கள். அவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட அரசின் தொழிலாளர் துறை அவர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டது என்றார்கள். குடிசை எரிந்தவனைப் பார்த்து உனக்குச் சலுகை அதிகம் என்று சொல்வது இந்தியாவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வாதம் அல்ல. நூறு வருடத்துப் பழைய சரக்கு. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியே வந்தார். பிராமணரல்லாதார் அரசியலின் மீது நம் தரப்பிலிருந்து எழுந்த முதல் பெரிய ஏமாற்றம் இது. மறைமலை அடிகளோ திரு.வி.க.வோ என்ன நினைத்தார்கள், பெரியார் பின்னாளில் என்ன சொன்னார் என்பதெல்லாம் தனிப் பேச்சு.

அடுத்தது 1932. வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். ராஜா அழைக்கப்படவில்லை. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று முன்பு பேசிய அதே ராஜா, 1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் லண்டனில் போராடிக்கொண்டிருந்த கோரிக்கையின் காலை இது வாரியது. அன்றைக்கு நம் இயக்கங்கள் அவரைத் துரோகி என்றன. அழைக்கப்படாத கோபம்தான் காரணம் என்றும் சிலர் சொன்னார்கள். அது ஓரளவு இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும். ஊரோடு பிரிந்து நின்று வாழ முடியாத சிறுபான்மை நாம். ஊரின் ஓட்டு நமக்கும் நம் ஓட்டு ஊருக்கும் தேவைப்பட்டால்தான் ஊர் நம்மை மதிக்கும் என்று அவர் நினைத்தார். தப்பான கணக்கு என்பது என் கருத்து. ஆனால் அது விலைபோனவனின் கணக்கு அல்ல.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதியும் கிடைத்தது. பொதுத் தொகுதியிலும் ஒரு ஓட்டு கிடைத்தது. காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம் உண்ணாவிரதத்தையே பேசுகிறோம். அதன் உள்ளே இருந்த எந்திரத்தைப் பேசுவதில்லை. அதைச் சொல்கிறேன்.

தீர்ப்பு தந்ததைவிட இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 148, ஆயின. அதற்கு ஈடாகத் தனி வாக்காளர் தொகுதி போனது. இடையில் ஒரு சமரசம்: முதல் பத்து வருடத்துக்கு இரண்டு கட்டத் தேர்தல். முதற்கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு, ஓர் இடத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரை ஊர், சேரி என்று எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதற்கட்டத்தில் நம் மக்கள் பெருவாரியாக ஒருவரை முதலில் நிறுத்துகிறார்கள். நான்காவதாக ஒருவர் தட்டுத்தடுமாறி வருகிறார். இரண்டாம் கட்டத்தில் ஊர் அந்த நான்காவது ஆளை எடுத்துக்கொள்ளலாம். நம் மக்கள் கடைசியில் வைத்தவர் நம் பிரதிநிதி ஆகிவிடுவார். சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுரிமை கொடுத்த காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரியில் ஓட்டு உள்ளவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அப்படி வென்றவர் யாருக்கு விசுவாசமாக இருப்பார்? தன்னை முதலில் வைத்தவர்களுக்கா, கடைசியில் எடுத்துக்கொண்டவர்களுக்கா?

1937 தேர்தலில் நாடு முழுக்க 151 தனி இடங்கள். காங்கிரஸ் வென்றது 78. அதாவது பாதிக்குச் சற்று மேல். ஆனால் மாகாணம் மாகாணமாகப் பாருங்கள். பஞ்சாபில் 8 இடத்தில் ஒன்றுகூட இல்லை. வங்காளத்தில் 30இல் 6. அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி தொடங்கிப் போட்டியிட்ட பம்பாயில் 15இல் 4. நம் சென்னை மாகாணத்தில் 30இல் 26. தனியாக ஒரு கட்சி கட்டப்பட்ட இடத்தில் காங்கிரசுக்குக் கிடைத்ததும், கட்டப்படாத இடத்தில் கிடைத்ததும் இந்த எண்களில் தெரிகிறது. அதற்கு முன்பிருந்தே சென்னையில் நம் தலைவர்கள் ஆளுக்கொரு சபை வைத்திருந்தார்கள். சபை இருந்தது, கட்சி இல்லை. இதை நாம் பிறர் மேல் பழி போடாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த 26 பேரின் சோதனை அடுத்த வருடமே வந்தது. 1938இல் ராஜா சென்னைச் சட்டசபையில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசின் ஆதரவு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் கொண்டுவந்தார். பிரதமராக இருந்தவர் ராஜாஜி. பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ராஜாவுக்கு, அதே ஒப்பந்தத்துக்காக ஓடியாடிய ராஜாஜியிடம் நம்பிக்கை இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அரசு பின்வாங்கியது. மாகாணம் முழுவதற்குமான மசோதா வேண்டாம், மலபாருக்கு மட்டும் தனியாகக் கொண்டுவருகிறோம், உங்களுடையதைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். ராஜா மறுத்தார். மசோதா தோற்கடிக்கப்பட்டது. கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த தனித்தொகுதி உறுப்பினர்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. கோயிலுக்குள் நம்மை விட வேண்டும் என்ற மசோதாவை, நமக்காக ஒதுக்கப்பட்ட இடங்களில் உட்கார்ந்திருந்தவர்களின் கட்சியே விழுத்தியது.

ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள், பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. பூனா ஒப்பந்தத்தின் பயனையே ராஜா கேள்வி கேட்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். அடுத்த வருடம், 1939 ஜூலையில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைவு நடந்தது. அதைக் காக்க அரசு அவசரமாகச் சட்டம் போட்டது. அதைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. முந்தின வருடம் தோற்கடிக்கப்பட்ட மசோதா பாடப் புத்தகங்களில் இல்லை. நம் ஆள் கொண்டுவந்தால் விழும், அவர்களே கொண்டுவந்தால் நிறைவேறும். சாதனை யார் கணக்கில் ஏறுகிறது என்பதும் கட்சி அரசியலின் ஒரு பகுதிதானே.

1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தது. அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்து போய்க் கிரிப்சைச் சந்தித்தார்கள். அந்தத் திட்டத்தை எதிர்த்து இருவரும் கூட்டாகக் கடிதம் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு முன் எதிரெதிர் நின்ற இரண்டு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு 1932இன் கையெழுத்தைவிட இந்த 1942இன் கையெழுத்து முக்கியமாகப் படுகிறது. ராஜா அடுத்த வருடமே, 1943இல், இறந்துபோனார். நீதிக்கட்சி, இந்து மகாசபையோடு ஒப்பந்தம், காங்கிரஸ் மீது நம்பிக்கை, கடைசியில் அம்பேத்கர். இதைக் கட்சி தாவியவரின் கதை என்று சொல்லலாம். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவரின் கதை என்றும் சொல்லலாம்.

அதே 1942இல் நாக்பூரில் பட்டியல் சாதியினர் சம்மேளனம் பிறந்தது. நம் சென்னையின் என். சிவராஜ் அதன் தலைவர். 1946 தேர்தலில் நாடு முழுக்கச் சம்மேளனத்துக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். முதற்கட்டத் தேர்தலில் பட்டியல் சாதி மக்கள் மட்டும் போட்ட ஓட்டைத்தான் அவர்களின் உண்மையான தீர்ப்பாகக் கொள்ள வேண்டும் என்று அம்பேத்கர் வாதாடினார். எடுபடவில்லை. எண்ணிக்கையைக் காட்டி, காங்கிரஸ்தான் உங்களுக்கும் பிரதிநிதி என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு நிலைமை மாறியதா? 1952இல் பம்பாய் வடக்குத் தொகுதி. இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, ஓர் இடம் தனி. அரசியல் சட்டத்தை எழுதியவர் தனி இடத்தில் நின்றார். காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,500 ஓட்டில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். தனித்தொகுதியில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தனித்தொகுதிக்கு உரியவர்கள் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த இரட்டை உறுப்பினர் தொகுதி ஒழிந்த விதம் ஒரு வேடிக்கை. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் வி.வி. கிரி நின்றார். அங்கே பழங்குடியினருக்கு ஓர் இடம், பொது ஓர் இடம். ஓட்டு எண்ணிப் பார்த்தால் முதல் இரண்டு இடத்திலும் பழங்குடி வேட்பாளர்கள். பொது இடமும் அவர்களுக்கே போனது. கிரி வழக்குப் போட்டார். பழங்குடி வேட்பாளர் பொது இடத்திலும் வெல்லலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். பத்து வருடமாக நமக்கு ஓரவஞ்சனையாக இருந்தபோது முறை நன்றாகத்தான் இருந்தது.

கட்சி விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவை மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள். 1996இல் தலைவர் பதவிகள் தனி ஆக்கப்பட்டன. மேலவளவிலும் அப்படித்தான். மேலவளவில் துணிந்து நின்று வென்ற தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மற்ற ஊராட்சிகளில் பத்து வருடம், 2006 வரை, தலைவர் உட்கார முடியவில்லை. யாரும் மனு போடமாட்டார்கள். அல்லது ஊரே ஓர் ஆளை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைக்கும். அந்த ஊர்களில் எல்லாக் கட்சிக்கும் கிளை இருந்தது. கொடிக்கம்பம் இருந்தது. சட்டமன்றத் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து மல்லுக்கட்டியவர்கள்தான் அத்தனை பேரும். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் தலித் உட்காரக்கூடாது என்பதில் மட்டும் ஒரு கட்சிக்கும் இன்னொரு கட்சிக்கும் வேறுபாடு இருக்கவில்லை. கட்சிக்கு விசுவாசம் சேரிக்காரன் மட்டும்தான் காட்டியிருக்கிறான். ஊர்க்காரன் தன் கட்சியைத் தன் சாதிக்கு அடுத்ததாகத்தான் வைத்திருந்தான்.

இப்போது வாக்காளர்களின் வெறுப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2013இல் நோட்டா வந்ததிலிருந்து அந்த எண்ணைக் காட்டி, மக்கள் கட்சிகளை வெறுத்துவிட்டார்கள் என்கிறார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிகமாக நோட்டா விழுந்த தொகுதி பீகாரின் கோபால்கஞ்ச்: 51,660 ஓட்டு. அது தனித்தொகுதி என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எல்லா வேட்பாளரும் தலித்தாக இருக்கும் ஒரு தொகுதியில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று பொத்தானை அழுத்தியது யார்? கட்சிகளை வெறுத்த தலித்தா, தலித் வேட்பாளரை வெறுத்த ஊரா? ரகசிய ஓட்டில் அது தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே பெயரில், விரக்தி என்று எழுதாதீர்கள் என்றுதான் பத்திரிகைக்காரர்களிடம் நான் கேட்கிறேன்.

நம் காலத்தில் நம் கட்சிகள் வந்துவிட்டன. தேர்தலைப் புறக்கணித்துக்கொண்டிருந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தலுக்குள் வந்தது. அதன் பிறகு இருபது வருடமாக நடந்த சின்னச் சண்டையை வெறும் கூட்டணிப் பேரம் என்று பார்க்காதீர்கள். அடுத்த கட்சியின் சின்னத்தில் வென்றால் சட்டமன்றத்தில் அந்தக் கட்சியின் கொறடா சொல்கிறபடி கையைத் தூக்க வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. 1938இல் அந்த 26 பேருக்கு இருந்த அதே கயிறு, இப்போது சட்டமாகவே இருக்கிறது. 2001இல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூர் தொகுதியில் வென்ற திருமாவளவன் 2004இல் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்ததையும், 2019இல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் 3,219 ஓட்டில் வென்றதையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். சொந்தச் சின்னம் வேண்டும் என்பது 1932இல் நாம் இழந்ததன் ஒரு சின்னத் துண்டு. அதற்காக அந்தக் கட்சி செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நம் கட்சிகளிடமும் என் ஆயாவின் கேள்வியைக் கேட்க வேண்டும்; நம் கட்சிகளுக்குள்ளும் திண்ணைகள் உண்டு. பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அருந்ததியரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர் கடைசியாக ஓட்டுப் போட்ட தேர்தலில் நான்தான் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கொடிக்கம்பத்தைத் தாண்டினோம். வழக்கமாக நிமிர்ந்து பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆயா, "என்னா, வழக்கம்போலதான?" என்று கேட்டாள். அவர் மை வைத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "ஏன், ஓட்டு ரகசியம்னு உனக்குத் தெரியாதா?" என்றார். அதற்கு முன் அவர் அதை ரகசியமாக வைத்து நாங்கள் பார்த்ததே இல்லை.